விசா இல்லை, விலை உண்டு

வரும் கோடை விடுமுறையில் நான்கு இரவுகள் தாய்லாந்து சென்றுவர என் மகள் குடும்பம் திட்டமிட்டது. பயண முகவர் அனுப்பியிருந்த நான்கு பக்கத் தாளை மருமகன் என்னிடம் நீட்டி, "மாமா, இந்த விலை நியாயமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். விமானக் கட்டணம், விடுதி, காலை உணவு, சுற்றிப் பார்க்கும் செலவு எல்லாம் அடங்க நால்வருக்கு 2,40,000 ரூபாய். பட்டாயாவில் இரண்டு இரவு, பாங்காக்கில் இரண்டு இரவு. தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மூன்றாம் நாளுக்கு எதிரே இருந்த ஒரு வரி மட்டும் கண்ணை உறுத்தியது: "ரத்தினக்கல் மையம், இரண்டு மணி நேரம், கட்டணம் இல்லை." ஐந்தாம் நாளில் அதற்கு ஒரு தம்பி: "தோல் பொருள் அங்காடி, ஒன்றரை மணி நேரம், கட்டணம் இல்லை."

பொருளியல் கற்பித்தவனுக்கு 'கட்டணம் இல்லை' என்ற சொல்லைக் கண்டால் சந்தேகம் வருவது தொழில் வழக்கம். அந்தச் சந்தேகம் இந்த இரண்டு வரிகளோடு நிற்கவில்லை. 'விசா கட்டணம் இல்லை' என்ற முதல் பக்கத்துப் பெரிய எழுத்துகளுக்கும் போனது.

2023 நவம்பர் 10 முதல் இந்தியர்கள் தாய்லாந்துக்கு விசா இன்றிச் செல்ல முடிகிறது. முதலில் 30 நாள் என்றிருந்தது, 2024 ஜூலை 15 முதல் 93 நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு 60 நாளாக விரிந்தது. 2023 டிசம்பரில் மலேசியாவும் நமக்குக் கதவைத் திறந்தது. இந்தியாவின் மதிப்பு உலக அரங்கில் உயர்ந்துவிட்டதற்கு இது அடையாளம் என்று மேடைகளில் பேசக் கேட்கிறேன். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதையைச் சொல்கிறது.

2019-இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 4 கோடி. பெருந்தொற்றின் நடுவே, 2021-இல், அந்த எண்ணிக்கை சுமார் 4.3 லட்சம். நூறு பேர் வந்த இடத்தில் ஒருவர் மட்டும் வந்தார் என்று பொருள். வெளிநாட்டுப் பயணிகளின் செலவே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்த நாட்டுக்கு இது எப்படிப்பட்ட அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. 2024-இல் வருகை 3.55 கோடியாக மீண்டது. 2025-இல் மீண்டும் சறுக்கி, 3.3 கோடி அளவில் நின்றது.

சறுக்கலுக்கு முதன்மைக் காரணம் சீனா. 2019-இல் அங்கிருந்து 1.1 கோடி பேர் வந்தனர். 2025-இல் 45 லட்சம் பேர்தான். சீனப் பொருளாதாரத்தின் மந்தம் ஒரு பக்கம். 2025 ஜனவரியில் படப்பிடிப்பு வாய்ப்பு என்ற பெயரில் வரவழைக்கப்பட்ட சீன நடிகர் ஒருவர் மே சொட் எல்லை நகரிலிருந்து மியான்மருக்குக் கடத்தப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட செய்தி மறு பக்கம். அந்த ஒரு செய்தி சீனச் சமூக ஊடகங்களில் பரவியபோது ரத்தான முன்பதிவுகளை எத்தனை விளம்பரமும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்களில் நாம் முக்கியமானவர்கள். 2024-இல் சுமார் 21 லட்சமாக இருந்த இந்தியர் வருகை, 2025-இல் 25 லட்சத்தை நெருங்கியது. மலேசியா, சீனா இரண்டுக்கும் அடுத்த இடம் இன்று நமக்கு.

நெருக்கடி வந்தபோது தாய்லாந்து சுற்றுலாவை நோக்கித் திரும்புவது புதிதன்று. 1997 ஜூலை 2 அன்று பாட் நாணயத்தின் நிலையான மாற்று மதிப்பு கைவிடப்பட்டு ஆசிய நிதி நெருக்கடி வெடித்ததை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். டாலருக்கு 25 பாட் என்றிருந்தது சில மாதங்களில் 50-ஐத் தாண்டியது. நாணயம் வீழ்ந்தால் நாடு மலிவாகும். மலிவான நாட்டுக்குப் பயணிகள் வருவார்கள். 1998-இல் தொடங்கிய 'அமேசிங் தாய்லாந்து' விளம்பர இயக்கம் அந்த மலிவை விற்றது. அந்தப் பாடத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: கதவைத் திறந்து ஆட்களை உள்ளே அழைப்பது எளிது, அவர்கள் விட்டுச்செல்லும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது கடினம்.

இனி மருமகனின் தாளுக்கு வருகிறேன். குறுகிய விடுமுறையில் அரிதான பொருள் பணமன்று, நேரம். நள்ளிரவுக்குப் பின் சென்னையில் விமானம் ஏறி, அதிகாலை 6 மணிக்குப் பாங்காக்கில் இறங்குவது முதல், ஐந்தாம் நாள் இரவு 10 மணிக்குத் திரும்பும் விமானம் வரை மொத்தம் 112 மணி நேரம். தூக்கத்துக்கு 32 மணியைக் கழித்தேன். பட்டாயாவுக்குப் போய்வரும் சாலைப் பயணத்துக்கும் விமான நிலையக் காத்திருப்புக்கும் 10. குளிக்க, உண்ண, குழந்தைகளைக் கிளப்ப நாளொன்றுக்கு 4 வீதம் 20. விடுதி அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும் என்பதாலும், மற்ற விடுதிகளில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்து வர வேண்டும் என்பதாலும் இன்னொரு 8. எஞ்சியது 42 மணி நேரம். அதாவது, இந்தக் குடும்பம் தாய்லாந்தைப் பார்க்க மணிக்கு ஏறத்தாழ 5,700 ரூபாய் கொடுக்கிறது. கட்டணம் இல்லாத அந்த இரண்டு கடைகளும் எடுத்துக்கொள்ளும் மூன்றரை மணி நேரத்தின் விலை 20,000 ரூபாய்.

"அப்பா, நாலு நாள் ஊர் சுற்றப் போவதற்கு இப்படியா கணக்குப் போடுவீர்கள்?" என்று மகள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் அந்தக் கடைகள் அங்கே ஏன் இருக்கின்றன என்பது சிரிப்புக்குரியதன்று.

சீனப் பயணிகள் பெருகிய காலத்தில் 'பூஜ்ய டாலர் சுற்றுலா' என்று ஒரு வணிக முறை தாய்லாந்தில் வேர்பிடித்தது. அடக்க விலைக்கும் குறைவாகப் பயணத்தை விற்பார்கள். பேருந்து அழைத்துச் செல்லும் ரத்தினக்கல், தோல் பொருள், தேன், மெத்தைக் கடைகள் தரும் தரகுப் பணத்தில் நட்டத்தை ஈடுகட்டுவார்கள். பயணிதான் சரக்கு, கடைக்காரர்தான் வாடிக்கையாளர். பயணி வாங்காவிட்டால் வழிகாட்டியின் முகம் சுருங்கும், ஏனென்றால் அவருடைய வருவாயும் அந்தத் தரகில்தான் இருக்கிறது. விடுதி, பேருந்து, கடை மூன்றும் ஒரே வலைப்பின்னலின் கைகளில் இருந்தபோது பணம் நாட்டுக்குள் நுழைந்த வழியிலேயே வெளியேறியது. 2016-இல் தாய்லாந்து அரசு இந்த முறைக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தது. சீனப் பயணிகளின் வருகை சில மாதங்கள் சரிந்தது. அரசு அந்த இழப்பை ஏற்றது. நம் பயணத் தொகுப்புகள் அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான முகவர்கள் அடக்க விலைக்கு மேல்தான் விற்கிறார்கள். ஆனால் சீனர்களுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கடைகளின் வாசலில் இன்று நம் பேருந்துகளும் நிற்கின்றன.

தாளின் மற்ற வரிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். விமானம் இந்திய நிறுவனத்துடையது. முகவர் இந்தியர். மதிய உணவு, இரவு உணவு இரண்டும் 'இந்திய உணவகத்தில்'. கடல் கடந்து போயும் பருப்பும் சப்பாத்தியும்தானா என்று கேட்கத் தோன்றியது. சைவ உணவுக்காரர்கள் உள்ள குடும்பத்தில் அது சுலபமான கேள்வியன்று என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் 2,40,000 ரூபாயில் பட்டாயாவில் அறையைத் துடைக்கும் பெண்ணுக்கும், படகு ஓட்டுபவருக்கும், தெருவோரம் மாம்பழமும் பசைச்சோறும் விற்பவருக்கும் போய்ச் சேருவது எவ்வளவு? பட்டாயா அமைந்துள்ள சோன்புரி மாகாணத்திலும் புக்கெட்டிலும் 2025 முதல் குறைந்தபட்சத் தினக்கூலி 400 பாட். 2025 இறுதி மதிப்பில் அது 1,150 ரூபாயைத் தொடவில்லை. அவர்களில் பலர் வறண்ட வடகிழக்கு மாகாணங்களிலிருந்தோ மியான்மரிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்தவர்கள். விசாக் கட்டணத்தைத் தாய்லாந்து கைவிட்டது அவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதான். தொகுப்பில் அடங்காமல் நாமாகச் செலவிடும் பணமே அவர்களை நேரடியாக எட்டுகிறது.

அந்தப் பணத்தின் மதிப்பைத்தான் சந்தை சத்தமில்லாமல் அரித்திருக்கிறது. 2024-இன் நடுவில் ஒரு பாட் சுமார் 2.30 ரூபாய். 2025 இறுதியில் சுமார் 2.85. அந்த ஆண்டில் பாட் வலுத்தது. நம் ரூபாய் டாலருக்கு 90-ஐத் தாண்டிச் சரிந்தது. முன்பு விமான நிலையத்தில் விசா பெற ஒருவர் 2,000 பாட் கட்ட வேண்டும். நால்வருக்கு 8,000 பாட் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஒரு குடும்பம் அங்கே 40,000 பாட் செலவிட்டால், மாற்று விகிதத்தால் மட்டும் கூடுதலாகும் தொகை 22,000 ரூபாய். விசாவில் மிச்சமானது ஏறத்தாழ முழுவதும் இதில் கரைந்துவிடுகிறது. பயண விளம்பரங்கள் விசாவைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. மாற்று விகிதத்தை எந்த எழுத்திலும் போடுவதில்லை.

பருவத்தையும் போடுவதில்லை. மருமகன் முதலில் ஆசைப்பட்டது புக்கெட்டுக்கு. மே மாத இறுதிக்கு வந்த விலை ஜனவரி விலையைவிடப் பெரிதும் குறைவு. முகவர் அதைச் 'சிறப்புச் சலுகை' என்றார். புக்கெட்டும் கிராபியும் அந்தமான் கடலைப் பார்த்தவை; மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே நேராக மோதும். கடற்கரைகளில் சிவப்புக் கொடி ஏறும். தீவுப் படகுகள் திடீரென ரத்தாகும். அந்தக் காலத்தில் மழை குறைவாக இருப்பது மறுகரையில், தாய்லாந்து வளைகுடாவிலுள்ள சாமுய் தீவில். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் சாமுயையும் நனைக்கிறது என்பதால், சென்னைக்காரர்கள் அந்தத் தீவின் மழைக்காலத்தை மறக்கவே முடியாது. நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. தாய்லாந்தின் மலிவான பருவமும் அப்போதுதான் தொடங்குகிறது. இது சலுகையன்று; மழையின் விலை கழிக்கப்பட்ட கட்டணம்.

கூட்டம் கூடுவதற்கும் ஒரு விலை உண்டு. பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடா 2000-இல் வெளியான ஒரு ஹாலிவுட் திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. ஒரு சிறு கடற்கரைக்கு நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்தனர். படகு நங்கூரங்களில் பவளப்பாறைகள் நொறுங்கின. 2018 ஜூனில் மூடிய அந்த விரிகுடா 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, ஆட்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு, ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். பிலிப்பின்சின் பொராகாய் தீவு 2018-இல் ஆறு மாதம் மூடப்பட்டது. இந்தோனேசியாவின் பாலி, 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் 1,50,000 ருப்பியா வசூலிக்கிறது. தாய்லாந்திலும் 300 பாட் நுழைவுக் கட்டணம் பலமுறை அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. 60 நாளை 30 ஆகக் குறைக்க வேண்டும் என்ற குரலும் அந்நாட்டுக்குள்ளேயே 2025 முதல் வலுத்து வருகிறது. தலை எண்ணிக்கையை நம்பிய கொள்கை தளர்ந்துகொண்டிருக்கிறது என்றே இவற்றைப் படிக்கிறேன்.

அந்தக் குரலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம்மை நேரடியாகத் தொடுவது. விசா தேவையில்லை என்பது சுற்றுலாப் பயணிக்கு வசதி. ஆள்பிடிப்போருக்கு அதைவிட வசதி. தட்டச்சு வேலை, கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பவைத்து, பயணியாகப் பாங்காக்கில் இறக்கி, மே சொட் வழியாக ஆற்றைக் கடத்தி, மியாவாடியின் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் அப்படிச் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள் மே சொட்டிலிருந்து அழைத்து வந்தன. தமிழ்நாட்டு இளைஞர்களும் இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள். நான்கு இரவுப் பயணம் போகும் குடும்பத்துக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் அதே வரிசையில், அதே வாசலில், கையில் ஒற்றைப் பையோடு நிற்கும் இருபத்து மூன்று வயது இளைஞனை விசா என்ற ஒரு தடை முன்பு ஒரு கணமாவது நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கும். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் கம்போடிய எல்லையில் மூண்ட சண்டை வேறு வகை எச்சரிக்கை. பாங்காக்கையோ பட்டாயாவையோ அது தொடவில்லை. எல்லை மாகாணங்களைத் தவிர்த்தால் போதும்.

நம் பக்கம் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் தனிநபர் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் 2018-19-இல் பயணத்துக்காக வெளியே சென்றது சுமார் 480 கோடி டாலர். 2024-25-இல் சுமார் 1,700 கோடி டாலர். தொழில்முறைப் பயணமும் இதில் அடங்கும் என்றாலும் போக்கு தெளிவு. இதைக் கட்டுப்படுத்த 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்குமேல் 20 சதவீதமும் முன்கூட்டியே வரி பிடித்தார்கள். பிறகு வரம்பு 10 லட்சமானது. 2026-27 நிதிநிலை அறிக்கையில் எல்லாத் தொகுப்புக்கும் 2 சதவீதம் என்று தளர்த்திவிட்டார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை என்பதால் இது பயணத்தைத் தடுத்ததும் இல்லை, இனித் தூண்டப்போவதும் இல்லை.

வெளிநாடு போவோரைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று கடிந்துகொள்வது எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டில் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட விடுதி அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம். 2024-இல் இவ்வளவு பெரிய இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 99.5 லட்சம், தாய்லாந்தின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளியே போகும் நம்மவரைத் தடுப்பதைவிட, உள்ளே வருபவர் ஏன் வருவதில்லை என்று கேட்பது பயனுள்ளது. சுத்தமான கழிப்பறை, நம்பகமான வாடகை வண்டி, பெண்கள் இரவில் தனியே நடக்கக்கூடிய கடற்கரைச் சாலை ஆகிய மூன்றும் விளம்பரச் செலவில் வருவதில்லை.

எங்கள் வீட்டுத் திட்டம் கடைசியில் கொஞ்சம் மாறியது. பட்டாயா போயிற்று, நான்கு இரவும் பாங்காக்கிலேயே. ஊர் விட்டு ஊர் மாறும் நேரம் மிச்சமானதால் ஒரு நாள் முழுதும் காஞ்சனபுரிக்கு. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை அங்கே இன்றும் ஓடுகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. பேத்திக்குப் பதின்மூன்று வயதாகிறது, தெரிந்துகொள்ளும் வயதுதான். இரவு உணவை இரண்டு நாளாவது தெருவோரக் கடைகளில் வைத்துக்கொள்வதாக மகள் சொல்லியிருக்கிறாள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பார்த்தாயிற்று. 2025 மே முதல் கட்டாயமாகியுள்ள மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, அதைக் காசு வாங்கிக்கொண்டு நிரப்பித்தரும் போலித் தளங்கள்தான் உண்டு.

ரத்தினக்கல் மையத்தையும் தோல் அங்காடியையும் நீக்கித் தரும்படி மருமகன் முகவரிடம் கேட்டார். நீக்கலாம், ஆளுக்கு 2,500 ரூபாய் கூடுதலாகும் என்று பதில் வந்தது. மருமகன் என்னைப் பார்த்தார். நான் பெருக்கிப் பார்த்தேன்: நால்வருக்கு 10,000 ரூபாய். "கொடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை" என்றேன்.